பத்தாயிரத்தில் ஒரு கதவு

கதவு சாத்திக்கொண்டபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ‘டொப்’ என்று ஒன்று. அடுத்து, இரும்புக்குள் எங்கோ ஒரு மோட்டார் ‘ர்ர்ர்’ என்று ஓடி நின்றது. அந்த இரண்டாவது சத்தம்தான் சுகுமாறனைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“மேடம், கதவு சாத்திக்கிச்சு.”

“தெரியுது அண்ணே.”

“இல்ல, சாத்திக்கிச்சுன்னா... பூட்டிக்கிச்சு.”

“அதுவும் தெரியுது.”

தாரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து, காலியாகக் கிடந்த ஒரு பட்டுப்பெட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுகுமாறன் கதவைத் தள்ளினார். தோளால் இடித்தார். கடைசியில் மரியாதையாகத் தட்டியும் பார்த்தார். கதவு எதற்கும் மசியவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபது வருடம் கோலாலம்பூர் முழுக்க டாக்சி ஓட்டிவிட்டு, ஆறு வருடமாகத் தாராவிடம் வேலை. பிரிக்பீல்ட்சில் ஓர் இட்லிக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். சுகுமாறன் அங்கே ஓட்டுநர், எடுபிடி, மெய்க்காப்பாளர். அவரே சொல்லிக்கொள்கிறபடி பாதி மூளையும் அவர்தான். பேய் பிசாசுக்குப் பயப்பட மாட்டார். மனைவிக்குக்கூட அளவாகத்தான் பயப்படுவார். மூடின இடம் என்றால் மட்டும் ஆகாது. பங்சாரில் ஒரு கொண்டோமினியம் லிப்டில், மூன்று டுரியான் பழத்தோடும் யாரோ ஒருவருடைய நாயோடும் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட நாளிலிருந்து, பத்து மாடியானாலும் அவருக்குப் படிதான்.

இப்போது அவர் நின்றுகொண்டிருந்தது கிள்ளானில் ஒரு பழைய கிடங்கின் உள்ளே, ஒரு காலத்தில் மீன் அடுக்கி வைத்த குளிர் அறை. குளிர் போய்ப் பல வருடமாகிவிட்டது. சுவர் மட்டும் அப்படியே ஒரு சாண் கனத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. கைப்பேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. கோயில் ஒன்று அந்த அறையை வாடகைக்கு எடுத்து, குடை, குத்துவிளக்கு, பட்டு, அலங்கார விளக்குச் சரம் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தது. நான்கு நாளைக்கு முன்பு வரை ஒரு வெள்ளிக் கிரீடமும் இருந்தது. நாளை மறுநாள் தைப்பூசத்துக்கு முருகன் தலையில் ஏற வேண்டிய கிரீடம்.

அது காணாமல் போனதற்காகத்தான் ஷாமினி போலீஸ் லோக்கப்பில் இருந்தாள்.

தாராவைத் தேடி வந்த லோரி ஓட்டுநர் இராமலிங்கத்தின் மகள். இருபத்தாறு வயது. இந்தக் கிடங்கில் கிளார்க். அவள் செய்த குற்றம், எந்தக் கட்சியிலும் சேராதது. கோயில் நிர்வாகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்காரர் சாவியை வைத்திருந்தால் மறு கட்சிக்காரருக்குச் சோறு இறங்காது. அதனால் சாவியே வேண்டாம் என்று முடிவாகி, கதவுக்கு எண் பூட்டு மாட்டினார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சின்ன மெஷின் தானாகவே நான்கு இலக்க எண் ஒன்றைப் போடும். அந்த எண் நடுநிலையான ஒரே ஆளின் கைப்பேசிக்கு மட்டும் போகும். அந்த ஆள் ஷாமினி.

கிரீடம் போன அன்று மதியம் ஒன்று இருபதுக்கு, கதவு சரியான எண்ணால் திறக்கப்பட்டதாக மெஷின் குறித்து வைத்திருந்தது. பூட்டை உடைக்கவில்லை, தவறான எண்ணை ஒரு தடவைகூட அழுத்தவில்லை. ஷாமினி அப்போது தனியாகச் சாப்பிடப் போயிருந்தாள். பார்த்த சாட்சி யாரும் இல்லை.

“நாலு இலக்கம் மேடம். பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்துப் பெருக்கல் பத்து. வேற ஒருத்தன் குருட்டாம்போக்குல சரியா அழுத்த பத்தாயிரத்துல ஒரு சான்ஸ். கணக்கு பொய் சொல்லாது” என்று கிடங்கு மேனேஜர் கமலநாதன் போலீசிடம் சொன்னார். இன்று மதியம் தாராவிடமும் அதையே சொன்னார்.

ஷாமினி சொன்னது வேறு. “அன்னிக்கு ரெண்டு மெசேஜ் வந்துச்சு.” காலையில் வழக்கம்போல் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டாவதை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் கைப்பேசியைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. நான்கு நாளாக எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியம். “ஒரு எழுத்து மாறல மேடம். மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்குது” என்று இன்ஸ்பெக்டர் பிரவின் உதட்டைப் பிதுக்கினார். நாளைக் காலை அவளைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

ஒரே நாளில் எதற்கு இரண்டு மெசேஜ்? அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் கிள்ளானுக்கு வந்தார்கள். வந்த இடத்தில்தான் இந்தக் கதவு.

“அந்த வாட்ச்மேன், ஜாகா அய்யாவுதான். அவரைத்தானே கதவுகிட்ட நிக்கச் சொல்லிட்டு மேனேஜர் போன் பேசப் போனாரு? கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த கட்டைய அந்த ஆள்தான் எடுத்திருக்கணும்” என்றார் சுகுமாறன்.

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? மேடம், மூச்சு முட்டுது எனக்கு.”

“இந்த ரூம்ல இருக்கிற காத்து நம்ம ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு மேல வரும். நீங்க கொஞ்சம் பேச்சைக் கொறைச்சா இன்னும் கொஞ்சம் வரும்.”

உள்பக்கமும் ஓர் எண் பலகை இருந்தது. வெளிப்பக்கத்து எண்ணேதான் உள்ளேயும். இப்போது ஷாமினி இல்லாததால் அன்றன்றைய எண் கமலநாதனின் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. சற்று முன் அவர்தான் கையால் மறைத்து அழுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

சுகுமாறன் யோசிக்காமல் தன் கார் நம்பரை அழுத்தினார். சிவப்பு. மனைவி பிறந்த வருடம். சிவப்பு. பத்துமலையின் படி எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து அழுத்தினார். சிவப்பு எரிந்து, பலகை ஒரு நீண்ட கீச்சலோடு அணைந்தது.

“மூணு தப்புக்குப் பத்து நிமிஷம் தூங்கிரும். ஷாமினி அவ அப்பாகிட்ட எழுதிக் கொடுத்தனுப்பின பேப்பர்ல இருக்கு” என்றாள் தாரா.

“சரி, பத்து நிமிஷத்துக்கு மூணு நம்பர். பூஜ்யத்துலேர்ந்து வரிசையா அடிச்சிட்டே போறேன். எப்படியும் ஒன்னு தெறக்கும்ல?”

“தெறக்கும். எல்லாத்தையும் அடிச்சு முடிக்க இருபத்து மூணு நாள் ஆகும்.”

சுகுமாறன் சுவரில் சாய்ந்தார்.

“ஆனா அவ்வளவு ஆகாது. சராசரியா பாதியிலயே கெடைச்சிரும். பதினொன்னரை நாள்” என்றாள் அவள் ஆறுதலாக.

“தைப்பூசத்துக்குப் போக முடியாது. மாசி மகத்துக்குப் பார்க்கலாம்.”

நகைச்சுவைதான். ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அறை ஒவ்வொரு நிமிடமும் சுருங்கிக்கொண்டு வருவதுபோல் அவருக்குத் தோன்றியது. டுரியான் வாசனைகூட வந்தது. வெளியே போனால் போதும், இனி யாருடைய கிரீடத்தையும் தேட வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார்.

தாரா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்தைந்து.

“நம்மள யாரும் கொல்லப் போறதில்ல அண்ணே. அஞ்சு மணி வரைக்கும் உள்ள வச்சாப் போதும் அவங்களுக்கு. அஞ்சு மணிக்கு ஆள் வந்து பூட்டு மெஷினை மாத்துறான். பழசு குப்பைக்குப் போயிரும். ‘மாத்த வேண்டாம், இன்ஸ்பெக்டர்கிட்ட பேசுறேன்’னு நான் வாயை விட்டேன். கதவு சாத்திக்கிச்சு. அப்புறமா வந்து தெறந்து, ‘ஐயோ சாரி மேடம், காத்துல சாத்திக்கிச்சு லா’ம்பாங்க.”

“நீங்க சொன்னப்ப அங்க நின்னது ரெண்டு பேரு. மேனேஜரு, அய்யாவு.”

“ஆமா.”

“அய்யாவுதான்” என்றார் சுகுமாறன் மறுபடியும். ஒரு காரணமும் இல்லை. கமலநாதன் பாவம், வந்ததும் வராததுமாகக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டுலேர்ந்து காலையில ரோட்டுல ஒன்றரை மணி நேரம் ஜேம் மேடம்” என்று புலம்பி, உட்கார நாற்காலி போட்ட மனிதர். அய்யாவு ஒரு சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. “காலையில ஏழுக்கு வந்தா ராத்திரி ஏழுக்குத்தான் வெளிய. கேட்டைத் தாண்டக் கூடாது. வீடு பின்னாடி இருக்கிற கம்பத்துக் குடியிருப்புலதான், மதியம் அங்க போகக்கூட விட மாட்டாங்க” என்று முறைத்தார்.

தாரா அறையைச் சுற்றி வந்தாள். சுகுமாறனும் வந்தார், சும்மா நின்றால் பயம் கூடியது. ஒரு பெட்டியில் அலங்கார விளக்குச் சரம் பந்து பந்தாகக் கிடந்தது. அதில் ஓர் அட்டையைக் கட்டி, கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: ‘அக்டோபர் 9. இதப் போட்டா மெயின் சுவிட்ச் விழுந்துரும். யாரும் போடாதீங்க. அய்யாவு.’

“பாருங்க மேடம், தீபாவளிக்கு விளக்கு போட்டுக் கிடங்கையே இருட்டாக்கியிருக்காரு.”

கதவுக்குப் பக்கத்தில், மார்பு உயரத்தில், சின்ன மாடத்தில் ஒரு பிள்ளையார் படம். காய்ந்த பூ, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி. படத்துக்குப் பின்னால் ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. தாரா விரலால் இழுத்தாள். ரப்பர் பேண்ட் போட்ட நான்கு சீட்டுகள்.

சுகுமாறனுக்குப் பார்த்தவுடனே புரிந்தது. நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு. இந்த ஊரில் யார் கார் மோதினாலும் முதலில் பார்ப்பது காயத்தை அல்ல, நம்பர் பிளேட்டை. கனவு, புது வீட்டுக் கதவிலக்கம், பொணம் போன வண்டி, எதிலிருந்தும் நான்கு இலக்கத்தை உருவிக்கொண்டு நம்பர் கடைக்கு ஓடுவார்கள். சீட்டை வாங்கிச் சாமி படத்துக்கு அடியில் வைப்பதும் வழக்கம்தான். அவரே வைத்திருக்கிறார்.

“நம்ம அய்யாவு சீட்டு. விழாத சீட்டைத் தூக்கிப் போடாம வச்சிருக்காரே மனுஷன். அட, நாலுலயும் ஒரே நம்பர்!”

5155. நான்கு சீட்டிலும் 5155.

“இப்படியாப்பட்ட நம்பரெல்லாம் எங்க விழும்? மூணு அஞ்சு இருக்கு. விழுறதுன்னா நாலும் வேற வேறயா, கலந்து கட்டி வரணும்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. 5155-க்கும் 2809-க்கும் ஒரே சான்ஸ்தான். பத்தாயிரம் நம்பர்ல நாலு இலக்கமும் வேற வேறயா இருக்கிறது அஞ்சாயிரத்துச் சொச்சம். மிச்சம் கிட்டத்தட்ட பாதியில எதாச்சும் ஒன்னு திரும்ப வந்திருக்கும். உங்களுக்குத்தான் அது கண்ணுல பட்டா உறுத்துது” என்றாள் தாரா. பேசிக்கொண்டே தேதிகளைப் படித்தாள். “மே 3. ஆகஸ்ட் 14. அக்டோபர் 9...”

அவள் நிறுத்தினாள்.

“அக்டோபர் 9-ஆ? விளக்கு அட்டையில இருக்கிற தேதிதானே அது?”

“ஆகஸ்ட் 14 எனக்கும் தெரியும் மேடம். மறக்கவே முடியாது. அன்னிக்குத்தான் கிள்ளான்ல அந்தப் பேய் மழை. என் கார் தண்ணியில நின்னுச்சே, நீங்ககூட மத்தியானமே வந்து கூட்டிட்டுப் போனீங்களே? ஊர் பூரா ஒரு மணி நேரம் கரண்டு இல்ல.”

தாரா அப்படியே நின்றுவிட்டாள். அவளை ஆறு வருடமாகப் பார்த்த சுகுமாறனுக்கு அந்த நிற்றல் தெரியும். மூளையில் எஞ்சின் பிடித்துவிட்டது.

பையிலிருந்து ஷாமினியின் பேப்பரை எடுத்து வாசித்தாள். “‘கரண்டு போயி வந்தா மெஷின் உடனே புது நம்பர் அனுப்பும். அன்னிக்கு மட்டும் கதவு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கச் சொல்லி அய்யாவு அங்கிள்கிட்ட நம்பரைச் சொல்லுவேன். மத்த நாள் யார்கிட்டயும் சொன்னதில்ல.’”

“சரி?”

“கரண்டு போன நாள்ல அய்யாவுக்குக் கெடைச்ச நம்பர் இது. நாலு தடவை கரண்டு போச்சு. நாலு தடவையும் 5155.”

“நாலு தடவையும் ஒரே நம்பரா? அது எப்படி?”

“தற்செயலா வரணும்னா, முதல்ல எது வந்தாலும் சரி. ரெண்டாவது தடவை அதே வர்றதுக்குப் பத்தாயிரத்துல ஒன்னு. மூணாவதும் அதேன்னா பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால பெருக்கணும், பத்துக் கோடியில ஒன்னு. நாலாவதும்னா லட்சம் கோடியில ஒன்னு. அய்யாவு அதைப் பார்த்துட்டு, சாமிதான் நம்பர் குடுக்குதுன்னு நினைச்சிருக்காரு. நான் அவர் இடத்துல இருந்தாலும் கும்பிட்டிருப்பேன்.”

“சாமி இல்லயா?”

“மெஷின்ல பேட்டரி செத்திருக்கு. கம்ப்யூட்டருக்கு நம்மள மாதிரி சும்மா ஒரு நம்பர் நினைக்கத் தெரியாது அண்ணே. ஒரு எண்ல ஆரம்பிக்கும். அதை ஒரு பெரிய எண்ணால பெருக்கும். வந்த விடையோட வால்ல நாலு இலக்கத்தை வெட்டிக் குடுக்கும். நாளைக்கு அந்த விடையவே திரும்பப் பெருக்கும். பார்க்கிறவங்களுக்குத் தாறுமாறா வர்ற மாதிரி இருக்கும். எதுல ஆரம்பிக்கிறதுன்னு கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கும். கரண்டு போய் கடிகாரமும் நின்னு போனா?”

“மறுபடி முதல்லேர்ந்து.”

“அதே ஆரம்பம், அதே பெருக்கல், அதே விடை. மெயின் சுவிட்சை இறக்கி ஏத்தினா, எந்த நாளா இருந்தாலும் கதவோட நம்பர் 5155. பத்தாயிரத்துல ஒன்னு இல்ல. ஒன்னுல ஒன்னு.”

சுகுமாறன் கையைத் தட்டினார். “ரெண்டாவது மெசேஜ்!”

“அதேதான். யாரோ மதியம் மெயினை இறக்கி ஏத்தியிருக்காங்க. பாவம், அந்தப் பொண்ணு நாலு நாளா உண்மையத்தான் ஒப்பிச்சிக்கிட்டு இருக்கு.”

“யாரோ என்ன யாரோ, இந்த நம்பர் தெரிஞ்ச ஒரே ஆளு அய்யாவு!” சுகுமாறன் துள்ளினார். துள்ளியவர் கதவைப் பார்த்ததும் மறுபடி வாடினார். “நம்ம எப்படி மெயினை எறக்குறது? அது வெளியிலல்ல இருக்கு?”

தாரா விளக்குச் சரத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

“வேண்டாம் மேடம்.”

“பிளக் பாயின்ட் அந்த மூலையில இருக்கு.”

“லைட்டும் போயிருமே! இருட்டாயிருமே! யாரும் திரும்ப ஏத்தலன்னா?”

“அஞ்சு மணிக்கு மெஷினை மாத்தணும், அதுக்குக் கரண்டு வேணும். அதோட இந்த வெயில்ல ஏர்கோன் இல்லாம எந்த ஆபீஸ்காரன் உட்காருவான்? ஏத்தித்தான் ஆகணும்.”

சுகுமாறன் பிள்ளையாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரத்தின் பிளக்கை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, செருகி சுவிட்சைத் தட்டினார்.

‘டப்.’

கண்ணைத் திறந்தார். திறந்ததற்கும் மூடியிருந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைப்பேசி விளக்கு நினைவுக்கு வந்து எடுப்பதற்குள் கை நடுங்கி அது கீழே விழுந்து எங்கோ உருண்டது. சுவர் முகத்துக்கு நேரே வந்து நிற்பதாகத் தோன்றியது. “ஐயோ, மேடம், என்னால முடியாது, கதவை, யாராச்சும்...”

“சும்மா இரும்!”

இருட்டில் அந்தக் குரல் வேறு மாதிரி வந்தது. தாராவின் அம்மா பேசும் யாழ்ப்பாணத் தமிழ் கோபம் வந்தால்தான் அவள் வாயில் வரும். அடுத்த கணம் அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையும் நடுங்கியதை அவர் அப்போதுதான் அறிந்தார்.

“எனக்கும் பயம்தான் அண்ணே. பேசிக்கிட்டே இருப்போம். எதாவது கேளுங்க.”

“அய்யாவு... எதுக்குத் திருடணும்?”

“அய்யாவு திருடல.”

“என்னது?”

“ஏழுக்கு வந்தா ஏழுக்குத்தான் வெளிய போறார். கேட்டைத் தாண்ட முடியாது. நம்பர் கடை அதுக்குள்ள மூடிருவான். அப்போ இந்தச் சீட்டை அவருக்கு யார் வாங்கிட்டு வந்து குடுத்தது?”

“யாரு?” என்றார் சுகுமாறன்.

“சீட்டோட அடியில கடை இருக்கிற இடம் பொடி எழுத்துல அச்சாகியிருக்கு. லைட்டு போறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். நாலும் கிள்ளான் இல்ல. ஸ்ரீ கெம்பாங்கான்.”

இருட்டிலும் அவர் கண்முன் அந்தக் கழுத்தைத் துடைக்கும் கைக்குட்டை வந்து நின்றது.

“நாற்காலி போட்டாரே மேடம்!”

“வீட்டுக்குப் போற வழியில ஜாகாவுக்கு நம்பர் வாங்கிக் குடுக்கிற நல்ல மேனேஜர். நாலாவது தடவையும் அதே நம்பரைக் கேட்டப்ப அய்யாவு சாமியை நினைச்சாரு, இவர் மெயின் சுவிட்சை நினைச்சாரு. பத்தாயிரத்துல ஒன்னுன்னு எல்லார்கிட்டயும் சொன்னது யாரு? கணக்கு பொய் சொல்லாதுதான்.” அவர் கையை இன்னும் இறுகப் பிடித்தாள். “ஒரு விஷயம் கவனமா கேளுங்க. கரண்டு வந்ததும் மெஷின் அவர் போனுக்குத்தான் புது நம்பர் அனுப்பும். 5155-ன்னு பார்த்ததும் உஷாராயி, திரும்ப மெயினை இறக்கினா முடிஞ்சிது. அதுக்குள்ள தெறக்கணும்.”

“நான் அடிக்கிறேன்.”

“உங்க கை நடுங்குது.”

“உங்களுதும்தான்.”

அவர் கதவைத் தடவி, பலகையைக் கண்டுபிடித்து, விரலை வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது அவர் ஒரு மணி நேரம் என்றார். தாராவின் கடிகாரப்படி இருபத்து ஆறு நிமிடம். வியர்வை கண்ணில் இறங்கியது. லோக்கப்பில் அந்தப் பெண் நான்கு நாளாக இப்படித்தானே உட்கார்ந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் விரல் பலகையை விட்டு நகரவில்லை.

விளக்கு எரிந்தது. பலகை பச்சையாக ஒரு முறை கண்ணடித்தது.

ஐந்து. ஒன்று. ஐந்து. எட்டு. வியர்வையில் விரல் வழுக்கிவிட்டது. சிவப்பு.

“அண்ணே!”

வெளியே யாரோ ஓடும் சத்தம் கனத்த சுவரைத் தாண்டிக்கூடக் கேட்டது. அல்லது கேட்டதாக அவருக்குத் தோன்றியது. ஐந்து. ஒன்று. ஐந்து. ஐந்து.

‘ர்ர்ர்.’

சுகுமாறன் கதவைத் தோளால் இடித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தார். எழுந்து பார்த்தபோது, பத்தடி தள்ளி மெயின் சுவிட்ச் பெட்டியின் முன்னால் கமலநாதன் நின்றார். ஒரு கை சுவிட்சின் மேல். இன்னொரு கையில் கைப்பேசி. திரையில் இன்னும் அணையாத எண், 5155.

“மேடம்! காத்துல கதவு சாத்திக்கிச்சு போல, நான் இப்பத்தான்...”

“தெரியும் பாஸ். கையை அங்கயே வச்சிருங்க, நல்லா இருக்கு” என்றார் சுகுமாறன். நேராகப் போய் அவருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் தன் உடம்பை நிறுத்திக்கொண்டார். இப்போது அது போதுமான அளவு பெரிய உடம்பு.

அந்த நேரம் பார்த்து வாசலில் அய்யாவு வந்து நின்றார், இரண்டு விரலில் மூன்று தே தாரேக் பொட்டலங்கள் தொங்க. “மேனேஜர்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு. அந்தத் தெருக்கோடிக் கடையிலதான் வாங்கணும்னாரு. அங்க ஒரே கூட்டம்” என்றவர், எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

இத்தனை மாதமாகக் கேட்டைத் தாண்ட விடாத மேனேஜர், இன்று தானாகத் தேநீர் வாங்க அனுப்பியிருந்தார்.

மெஷின் மாற்றுகிறவன் பெட்டியோடு வந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. தாரா அவனைத் தொட விடவில்லை. இன்ஸ்பெக்டர் பிரவின் ஐந்தரைக்கு வந்தார், வரும்போதே சலித்துக்கொண்டு. சுகுமாறன் மெயினை இறக்கி ஏற்றினார், தாரா 5155 அழுத்தினாள், கதவு திறந்தது. மறுபடி இறக்கி ஏற்றினார். திறந்தது. மூன்றாவது முறை இன்ஸ்பெக்டரே இறக்கி ஏற்றி அவரே அழுத்தினார். கதவு திறந்ததும் அவர் கமலநாதனின் அலுவலக அலமாரியைத் திறக்கச் சொன்னார். கிரீடம் ஒரு ரைஸ் குக்கர் பெட்டிக்குள், பழைய நாளிதழில் சுற்றி இருந்தது.

அய்யாவு ஓரமாக நின்று அந்த நான்கு சீட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாமி குடுத்த நம்பருன்னு நெனச்சேன்” என்றார், தாராவிடம். “நான்தான் அவர்கிட்ட சொன்னேன். என்னாலதான் அந்தப் பொண்ணு...”

“தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே அங்கிள். அதனாலதான் அந்தப் பொண்ணு வெளிய வருது” என்றாள் தாரா.

வெளிச்சம் மங்குவதற்குள் ஷாமினி வெளியே வந்தாள். போலீஸ் நிலையத்து வாசலில் இராமலிங்கம் லோரியை அப்படியே நடுவில் நிறுத்திவிட்டு ஓடிப் போய் மகளைக் கட்டிக்கொண்டார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன, அவர் திரும்பவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாக ஷாமினி தாராவைப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு விசாரணை என்றே நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முகம் இறுகியது. கண்ணைத் தரையில் போட்டு, நான்கு நாளாகச் சொன்னதையே, ஓர் எழுத்து மாறாமல் சொன்னாள்.

“அன்னிக்கு ரெண்டு மெசேஜ் வந்துச்சு.”

தாரா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். சுகுமாறன்தான் முன்னால் போய், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“வந்துச்சும்மா. நாங்க பார்த்துட்டோம். இனிமே நீ சொல்ல வேண்டாம்.”